வளைந்த முழங்கையும் அளவுநாடாவும்

சென்ற ஆண்டு, பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளுக்கான ஆயத்தங்கள் நடைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில், கண்டி நகரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மைதானமொன்றுக்குச் செல்ல நேர்ந்தது. ஈட்டி, தட்டு, குண்டு ஆகிய எறிதல் போட்டிகளுக்குப் பயிற்றுவிக்கப்பட வேண்டிய சிறுவர் சிறுமியரைத் தெரிவு செய்யும் நாள் அது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் சுவரோடு சாய்ந்து இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்க, ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனி வரை அளவுநாடா பிடிக்கப்பட்டது. உயரம், கைவிரிப்பு, உள்ளங்கையின் அகலம் என மூன்று எண்கள் ஒரு தாளில் ஏறின.

தோட்டப் பாடசாலையொன்றிலிருந்து வந்திருந்த, பதின்மூன்று வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தியின் எண்கள் மூன்றுமே குறைவாக இருந்தன. அவளுடைய பெயருக்கு எதிரே ஒரு புள்ளடி விழுந்தது. அவள் ஒன்றும் பேசாமல் வேலியோரம் போய் அமர்ந்துகொண்டாள். "அவள் எறிவதைப் பார்த்தீர்களா?" என்று தெரிவாளரிடம் கேட்டேன். "எங்கே சேர் நேரம்? இன்றைக்கு நூற்றிருபது பிள்ளைகள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வரிசை உண்மையிலேயே நீண்டதாகத்தான் இருந்தது.

அந்தப் புள்ளடி பல நாட்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பற்றி எழுதுமுன் ஒன்றைக் கூறிவிட வேண்டும். அளவுநாடாவைப் பழிப்பது என் நோக்கமன்று. அதன் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது. எறியப்படும் பொருள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பவை, அது கையை விட்டுப் புறப்படும் வேகம், கோணம், உயரம் ஆகிய மூன்றுமாம். இவற்றுள் வேகமே தலையாயது. ஒரே விரைவில் சுழலும் இரு கைகளுள் நீண்ட கையின் நுனியே அதிக வேகத்தில் நகரும். ஆகவே, நீண்ட கையுடையவன் ஓரடி முன்னே நின்றுதான் போட்டியைத் தொடங்குகிறான். லித்துவேனியாவின் விர்ஜிலியுஸ் அலெக்னா இரண்டு மீற்றர் உயரமுடையவர். 2000 ஆம், 2004 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் தட்டெறிதலில் தங்கம் வென்றார். அவருடைய மகன் மைக்கோலஸ் 2024 ஏப்ரலில் 74.35 மீற்றர் எறிந்து, கிழக்கு ஜேர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986 இல் நிலைநாட்டி 38 ஆண்டுகள் அசையாதிருந்த உலக சாதனையை முறியடித்தார். தந்தையின் உடல் மகனுக்கு வந்ததென்பதை யார் மறுக்க முடியும்?

இவ்வாறு பிறவி உடலமைப்பைக் கொண்டு வீரர்களைத் தேடுவதை ஓர் அரசாங்கத் திட்டமாகவே நடத்திய நாடுகள் உண்டு. கிழக்கு ஜேர்மனி 1973 முதல் பாடசாலைச் சிறுவர்களை நாடளாவிய ரீதியில் அளந்து, தெரிவானோரைத் தனி விளையாட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. அவுஸ்திரேலியா 1980 களின் பிற்பகுதியில் பாடசாலைகளில் உயரத்தையும் உடல் வலுவையும் அளந்து படகோட்டிகளைத் தேடியது. அதுவரை துடுப்பையே பிடித்திராத மேகன் ஸ்டில் என்ற மாணவி அவ்வாறு தெரிவாகி, 1996 இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பிரித்தானியா 2007 இல் உயரமானவர்களைத் தேடி ஓர் அழைப்பு விடுத்தது. கைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், படகோட்டம் ஆகியவற்றுக்கான தெரிவு அது. ஹெலன் குளோவர் என்ற இளம்பெண் குறிப்பிட்ட உயரத்துக்குச் சற்றே குறைவாக இருந்தமையால், அளக்கும்போது கால்விரல் நுனியில் எம்பி நின்றாராம். 2012 இல் இலண்டனில் படகோட்டத்தில் தங்கம் வென்ற குளோவர் இவரே. அன்று அவர் குதிகாலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தால் அத்தாளில் ஒரு புள்ளடி விழுந்திருக்கும்.

இத்தகைய தேடலின் இருண்ட பக்கத்தையும் வரலாறு நமக்குக் காட்டியுள்ளது. உடலைத் தெரிவு செய்த கிழக்கு ஜேர்மனி, தெரிவு செய்த உடலை மாற்றவும் துணிந்தது. 1986 இல் ஐரோப்பியக் குண்டு போடுதல் சம்பியனான ஹைடி கிரீகருக்குப் பதின்ம வயதிலிருந்தே ஆண்மை இயக்குநீர் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. அவை இன்னவை என்பதும் அவருக்குச் சொல்லப்படவில்லை. பிற்காலத்தில் ஆணாக மாறி அந்திரியாஸ் என்ற பெயரில் வாழ்ந்த அவர், அந்த மாத்திரைகளால் தமக்கு நேர்ந்ததை நீதிமன்றத்திலும் கூறினார். நமது அயலிலும் ஒரு கதையுண்டு. ஆபிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்கள் கர்நாடகத்திலும் குஜராத்திலும் வாழ்கின்றனர். அவர்களுடைய இரத்தத்திலேயே ஒலிம்பிக் பதக்கம் ஓடுகிறதென்று கருதிய இந்திய விளையாட்டு அதிகாரிகள், 1980 களின் பிற்பகுதியில் அவர்தம் பிள்ளைகளைத் திரட்டிப் பயிற்சி முகாம்களில் சேர்த்தனர். 1990 களின் முற்பகுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் வீடு திரும்பினர். ஒரு பிள்ளையைப் பார்க்காமல் அதன் இனத்தைப் பார்த்ததன் விளைவு அது.

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள். ஆனால் பிறவி உடலமைப்பையும் எறிதலையும் பற்றி உலகம் நடத்திய மிகப் பெரிய வழக்கு, இதே கண்டியில் பிறந்த ஒருவரின் வலது கையைப் பற்றியதே. முத்தையா முரளிதரனைத்தான் சொல்கிறேன். மற்றைய விளையாட்டுகளில் எறிதல் ஒரு திறமை. கிரிக்கெட்டில் பந்து வீச்சாளனைப் பொறுத்தவரை அது குற்றத்தின் பெயர்.

முரளியின் பாட்டனார் 1920 இல் தமிழகத்திலிருந்து இம்மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் திருச்சிக்குத் திரும்பிவிட, மகன் முத்தையா இங்கேயே தங்கி, குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் தீ அக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. 1972 ஏப்ரல் 17 இல் பிறந்த முரளி, கட்டுகஸ்தோட்டையிலுள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். முதலில் அவர் மித வேகப் பந்து வீச்சாளர். பதினான்கு வயதில், கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். கல்லூரியில் விளையாடிய இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கும் அதிகமான விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அவ்வயதில் அவரைச் சுவரோடு நிறுத்தி அளந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? உயரம் நடுத்தரம். வலது முழங்கை பிறவியிலேயே வளைந்தது, முழுமையாக நிமிராது. கைவிரிப்பை அளக்க முயன்றால் நாடாவே சரியாகப் படியாது. எந்தத் தெரிவுத் தாளும் அவருக்குப் புள்ளடியே இட்டிருக்கும். மணிக்கட்டு பிறரது மணிக்கட்டைவிட மிக அதிகமாக வளைந்து சுழலக்கூடியது என்பதையோ, தோள் வியக்கத்தக்க விரைவில் சுழலக்கூடியது என்பதையோ குறிக்க அத்தாளில் கட்டமே இருந்திராது. நல்வாய்ப்பாக, கட்டுகஸ்தோட்டையில் எவரும் தாளைக் கொண்டு பார்க்கவில்லை. பந்து என்ன செய்கிறதென்று பார்த்தார்கள்.

நான் முரளியைவிட இரண்டு வயது மூத்தவன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்று, நாளிதழொன்றின் செய்திப் பிரிவில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. 1995 டிசெம்பர் 26 ஆம் திகதி, மெல்பேர்ண் டெஸ்ட். நடுவர் டரல் ஹெயர், முரளியின் மூன்று ஓவர்களில் ஏழு தடவைகள் பந்தை எறிந்ததாகக் கூறி நோ-போல் அறிவித்தார். முரளி மறுமுனைக்கு மாறிப் பந்து வீசியபோது, அங்கு நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒருமுறை கூட ஆட்சேபிக்கவில்லை. அதே நாள், அதே கை. மாறியது பார்த்த கண் மட்டுமே. சில நாட்களில், 1996 ஜனவரியில், பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் மீண்டும் நோ-போல் அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் அவரே மறுபடியும் அறிவித்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

கிரிக்கெட் விதி என்ன சொல்கிறது? கை வளைந்திருப்பதை அது தடுக்கவில்லை. வளைந்த முழங்கையைப் பந்தை விடுவிக்கும் வேளையில் நிமிர்த்துவதையே தடுக்கிறது. நிமிர முடியாத முழங்கை எவ்வாறு நிமிரும்? ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நிமிர்வது போலத்தான் தோன்றியது. இதை விளங்கிக்கொள்ள நமது மலைநாட்டில் ஆய்வுகூடம் தேவையில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, விளக்கொளியில் சுவரில் அதன் நிழல் விழுமாறு மெல்லத் திருப்பிப் பாருங்கள். நிழலில் கத்தி வளையும், நிமிரும், மறுபடி வளையும். இரும்பு மாறவில்லை. முரளியின் கை தோளிலிருந்து சுழலும்போது நிகழ்வதும் அதுவே. 1996 இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் பல கமராக்களைக் கொண்டு முப்பரிமாணத்தில் அளந்தவர்கள், எறிவது போன்றதொரு தோற்ற மயக்கமே அங்கு உண்டாகிறதென்று முடிவு கூறினார்கள்.

இவ்விடத்தில் என் சொந்தத் தவறொன்றை எழுத வேண்டும். அந்நாட்களில் ஆங்கிலச் செய்தி நிறுவனங்களின் செய்திகளைத் தமிழாக்குவது என் பணி. முரளியின் கையைக் குறித்து வந்த ஆங்கிலச் சொல்லை நான் 'ஊனம்' என்று பெயர்த்தேன். முரளிக்காக வாதாடுகிறோம் என்ற எண்ணத்தில்தான் அவ்வாறு எழுதினேன். "பாவம், ஊனமுற்ற கை, அவர் என்ன செய்வார்" என்ற தொனியில் தலைப்பும் இட்டேன். இரண்டு வாரங்களில் ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஒரு தகப்பனார். தம் மகனுக்கும் முழங்கை அப்படித்தான் என்றும், இதுவரை அதை எவரும் பெரிதுபடுத்தியதில்லை என்றும், எங்கள் பத்திரிகை வெளிவந்த பின்னர் வகுப்பில் அவனை 'ஊனம்' என்றே அழைக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். அந்த அட்டைக்கு நான் பதில் எழுதவில்லை. அச்சொல்லை அதன் பின்னர் முரளியைப் பற்றிப் பயன்படுத்தவுமில்லை. ஒரு நடுவர் குற்றம் என்று கண்டதை நான் குறை என்று கண்டிருக்கிறேன். இருவருமே பந்தைப் பார்க்கவில்லை.

முரளியை ஆய்வுகூடத்தில் சோதித்த அதே 1996 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இன்னொரு கைக்கும் சோதனை வந்தது. ஆர்.ஏ. டிக்கி என்ற இளம் பேஸ்போல் பந்து வீச்சாளரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி முதற் சுற்றிலேயே தெரிவு செய்து 810,000 டொலர் தர முன்வந்தது. சஞ்சிகைப் படமொன்றில் அவரது வலது கை தொங்கும் விதம் வழமைக்கு மாறாக இருப்பதைக் கண்டு, முழங்கையைச் சோதித்தார்கள். அங்கு இருக்க வேண்டிய முக்கிய தசைநாண் இழையமொன்று இல்லவே இல்லை. தொகை 75,000 டொலராகக் குறைந்தது. டிக்கி பல ஆண்டுகள் கீழ்நிலை அணிகளில் அலைந்தார். பின்னர், பந்தைச் சுழலவிடாமல் மிதக்கவிடும் அபூர்வமான வீச்சைப் பழகி, 2012 இல் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதை வென்றார். இந்தியாவின் பி.எஸ். சந்திரசேகரின் கை பிறவியில் அவ்வாறன்று. சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலது கை அவருடையது. அதே கையால் 58 டெஸ்ட் போட்டிகளில் 242 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1971 இல் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதலாவது தொடர் வெற்றிக்கு வழிவகுத்தவரும் அவரே.

அப்படியாயின் பிறவி உடலமைப்புக்கு எந்தப் பங்கும் இல்லையா? உண்டு. முரளியின் வெற்றி முழுவதும் உழைப்பால் வந்ததென்று கூறுவது இன்னொரு பொய்யாகிவிடும். முழங்கை வளைந்தபடியே இருக்கும்போது, மேற்கையை உட்புறமாகச் சுழற்றி மணிக்கட்டின் வேகத்தைக் கூட்ட முடியும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே அந்த வளைவு அவருக்கு உதவியிருக்கலாம். ஆனால் அத்தகைய முழங்கையுடன் பிறந்தவர்கள் பலர். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை எடுத்தவர் ஒருவர். இடைப்பட்ட தூரத்தை நிரப்பியவை கட்டுகஸ்தோட்டையிலும் பின்னர் கொழும்பிலும் வீசப்பட்ட எண்ணற்ற பந்துகள்.

பிறவி எது, பயிற்சி எது என்ற எல்லைக்கோடும் நாம் நினைப்பது போல் நேரானதன்று. குழந்தை பிறக்கும்போது மேற்கை எலும்பில் ஒரு முறுக்கு இருக்கிறது. வளர வளர அது குறைந்துகொண்டு போகும். ஆனால் சிறுவயது முதல் இடைவிடாது பந்தெறியும் பேஸ்போல் வீரர்களில், எறியும் கையின் எலும்பில் மட்டும் அம்முறுக்கு அவ்வளவாகக் குறைவதில்லை என்று கண்டறிந்துள்ளனர். அதனால் அக்கை மற்றக் கையைவிடப் பின்னோக்கி அதிகம் சுழலும். இருபது வயதில் அவனை அளப்பவர் "பிறவியிலேயே எறிவதற்கென்று அமைந்த தோள்" என்று வியப்பார். அவனுக்குப் பத்து வயதில் ஒரு பந்து கிடைத்திராவிட்டால் அந்தத் தோள் அமைந்தே இராது. நாம் அளப்பது சில வேளைகளில் பிறப்பையல்ல, கிடைத்த வாய்ப்பையே.

முரளியின் வழக்கு முடிந்த விதமும் இதையே சொல்கிறது. 2004 இல் அவருடைய 'தூஸ்ரா' பந்து பற்றி மீண்டும் முறைப்பாடு எழுந்தது. அதை அளந்தபோது, முழங்கை அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக அசைவது தெரியவந்தது. அப்போது சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகை, வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை என்பது வரம்பு. அவ்வாண்டு ஜூலையில் அவர் இங்கிலாந்தில் உருக்குக் கம்பிகள் பதித்த உறையொன்றால் முழங்கையை அசையாதவாறு பிணைத்துக்கொண்டு, கமராவின் முன்னே தமது பந்துகளை வீசிக் காட்டினார். பின்னர் சர்வதேச கிரிக்கெட் பேரவை ஏனைய பந்து வீச்சாளர்களையும் அளந்தது. நேரான கை, அழகான கை என்று புகழப்பட்டவர்களின் முழங்கைகளும் நிமிர்வதை அந்த அளவைகள் காட்டின. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாதிருந்தது, அவ்வளவுதான். அரவிந்த டி சில்வா, மைக்கல் ஹோல்டிங் போன்ற முன்னாள் வீரர்களைக் கொண்ட குழுவின் பரிந்துரைப்படி, 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்ற ஒரே வரம்பு வந்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்வோர் உண்டு. ஒருவரை மட்டும் அளந்து குற்றஞ்சாட்டியவர்கள், எல்லோரையும் அளந்தபின் மௌனமானார்கள் என்றே நான் கூறுவேன். குறைவாக அளந்ததுதான் அங்கு நேர்ந்த பிழை.

2007 டிசெம்பர் 3 ஆம் திகதி அஸ்கிரிய மைதானத்தில் நானும் இருந்தேன். இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டின் விக்கெட் சாய்ந்தபோது முரளியின் எண்ணிக்கை 709 ஆகி, ஷேன் வோர்னின் 708 ஐக் கடந்தது. பட்டாசு வெடித்தது. என் அருகிலிருந்த இளம் நிருபர் எழுதிய முதல் வாக்கியத்தில் 'பிறவி மேதை' என்றொரு தொடர் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சொல் நினைவுக்கு வந்தது. ஊனமும் மேதைமையும் அதே முழங்கைக்கு வழங்கப்பட்ட இரு பெயர்கள்.

மைதானத்துச் சிறுமியிடம் திரும்புவோம். அவளுக்குள் ஒரு முரளி இருந்தாளென்று நான் சொல்ல வரவில்லை. ஒருவேளை அவளால் ஈட்டியைப் பத்து மீற்றர் கூட எறிய முடியாதிருக்கலாம். ஆனால் அது எவருக்கும் தெரியாது. நமது மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகள் பலரும் பல தலைமுறைப் போசாக்குக் குறைவால் உயரம் குன்றியே வளர்ந்தவர்கள். அவர்களைச் சுவரோடு நிறுத்தி உயரத்தையும் கைவிரிப்பையும் மட்டும் அளந்தால், நாம் அளப்பது அவர்களுடைய திறமையையா, அவர்தம் பாட்டிமார் உண்ணாத உணவையா?

அளவுநாடா இருக்கட்டும். ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். முதலில் ஒரு பந்தைக் கையில் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று எறிதல், ஓர் எறிதலுக்கு அரை நிமிடம். 120 பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் போதும். அன்று காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய தெரிவு பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. மைதானம் மாலை வரை வெறுமையாகத்தான் கிடந்தது. இந்தக் கணக்கைத் தெரிவாளரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பேருந்து ஏறிவிட்டேன். பதில் எழுதாத அந்த அஞ்சலட்டையோடு இதுவும் சேர்ந்துகொண்டது. ஆகவேதான் இப்போதாவது எழுதுகிறேன்.